கூரையில் தொங்கிய சீர்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளைக் கடைசி வரி வரை வாசிக்கிற ஆள் நான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை. அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். குக்கர் வாங்கினாலும் கொசுவிரட்டி வாங்கினாலும் கூட வருகிற புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் சாமானைத் தொடுவேன். "பரீட்சை எழுதப் போறா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். என் மகளின் காதுகுத்துக்கு வந்த ஏசி விஷயத்தில் சொந்தபந்தம் மொத்தமும் என்னைக் குறை சொன்னபோது, என் பக்கம் நின்றது அப்படி ஒரு புத்தகம் மட்டும்தான்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் சீர் வரவேண்டும். தட்டுத் தட்டாகப் பழம், வெல்லம், பட்டு, நகை, மாலை போட்ட ஆட்டுக்கிடா, முன்னால் கொட்டு. இப்போது அதோடு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சைக்கிள் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவை பெட்டியோடு, பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, குட்டியானை வண்டியில் ஏறித் தெருவே பார்க்க வரும். பெட்டியைப் பிரித்திருக்கக் கூடாது. பிரித்த பெட்டி என்றால் பழைய சாமானை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டான் என்று பேசிவிடுவார்கள். இதை யார் சட்டமாகப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மீறுகிற ஆளையும் நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே அண்ணன். அரிமளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பாசக்காரர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் பாசம் நாலு பேர் பார்க்க வேண்டும். எங்கள் சித்தப்பா மகன் தன் தங்கை பிள்ளைக்குச் சீராகச் சுவரில் மாட்டுகிற ஏசி கொண்டுபோனதிலிருந்து அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் போன் செய்தார்.

"ஆத்தா, சுவத்துல மாட்டுறது எல்லாப் பயலும் குடுத்துட்டான். நான் ஒனக்கு மேல தொங்குறது எடுக்கப் போறேன். நாலு பக்கமும் காத்து அடிக்கும்."

"அண்ணே, அது ஓட்டலுக்கும் பேங்குக்கும் மாட்டுறதுண்ணே. வீட்டுக்கு எதுக்கு?"

"ஒன் வீட்டு ஹாலு என்ன வீட்டு ஹாலு மாதிரியா இருக்கு? கல்யாண மண்டபம் மாதிரியில்ல கட்டி வச்சிருக்கீக. பதினாறு வருஷம் அந்த ஏசிக்குக் கீழதான் நின்னேன். நல்லாருக்கும், சும்மா இரு."

அன்னவாசலில் நாங்கள் வீடு கட்டியபோது ஹாலைப் பெரிதாகக் கட்டியது உண்மைதான். அது என் வீட்டுக்காரரின் ஆசை. கீழே பலகைக் கூரை வேறு போட்டு, அதற்குள் கலர் விளக்கு வைத்திருக்கிறார். காங்கிரீட் தளத்துக்கும் இந்தப் பலகைக் கூரைக்கும் நடுவில் ஓர் அடிக்கு மேல் இடைவெளி. ஏசி அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும், அதன் முகம் மட்டும் வெளியே தெரியும் என்று கடைக்காரர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அதன் எடை அண்ணனுக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. நான் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். முகத்தோடு சேர்த்து ஒரு சிமெண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். அந்தச் சிமெண்டு மூட்டை நாலு கம்பியில் என் மகள் தலைக்கு மேல் தொங்கப் போகிறது.

விழா ஒழுங்கு இது. காலை ஏழரைக்குச் சீர் வரும். பத்தரைக்கு நல்ல நேரம் ஆரம்பம். ஹால் நடுவில் மணை போட்டு, அதில் அண்ணன் உட்கார்ந்து, என் மகளை மடியில் வைத்துக்கொள்வார்; ஆசாரி காது குத்துவார். அந்த நேரத்தில் மேலே ஏசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. நான் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்தில் தளத்தில் ஓட்டை போட்டு, கம்பி இறக்கி, இயந்திரத்தைத் தூக்கி மாட்டி, குழாய் சேர்த்து, கரண்ட் கொடுக்க வேண்டும்.

"ஓட்டையையாவது ரெண்டு நாள் முன்னாடி போட்டுருவோம்ணே. ஏசி அன்னைக்கு வரட்டும்."

"ஓட்டை போடுறதுக்கு அளவு அட்டை ஒண்ணு உண்டாம். அது பெட்டிக்குள்ளல்ல இருக்கு."

"அப்ப பெட்டியப் பிரிச்சு அதை மட்டும் எடுங்க."

"பிரிச்ச பெட்டிய எப்படித்தா சீரா வைக்கிறது? என்னைய அசிங்கப்படுத்தப் பாக்குறியா?"

"அப்ப மறுநாள் மாட்டிக்குவோம். பெட்டியோட வந்தது பெட்டியோட இருக்கட்டும்."

"ஓடாத ஏசிய யாரு பாப்பா?" என்று போனை வைத்துவிட்டார்.

இதற்கு மேல் எப்படிப் பேசுவது? திறக்காமல் வரவேண்டும், வந்தவுடன் ஓடவேண்டும். உலகத்தில் வேறு எங்காவது ஒரு ஏசிக்கு இந்த நிபந்தனை வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் சத்தம் போடுவதோடு சரி. "மச்சான் ஆசைப்படுறாரு, விடு" என்று சொல்லிவிட்டுப் கடைக்காரர் போனில் சொன்ன அளவுக்குப் பலகைக் கூரையின் நடுவில் ஒரு சதுரம் வெட்ட ஆள் கூட்டிவந்தார். செம்புக் குழாயும் தனிக் கரண்டு லைனும் அதற்கு ஒரு சுவிட்சும் முன்கூட்டியே போட வைத்தது நான்தான். மிச்சத்தை ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கக் கூடாது. விட்டேன்.

சீர் ஏழரைக்கு வரவில்லை. எட்டே முக்காலுக்கு வந்தது. தெருமுனையில் செண்டை மேளக்காரர்கள் நின்று ஒரு முழு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். நான் பட்டுப்புடவையும் ஆரத்தித் தட்டுமாக வாசலில் நின்று மணியைப் பார்த்தபடி இருந்தேன். முதல் நாள் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்த மகள், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் இடுப்பில் இருந்தாள். "மாமா ஏசி வருது, மாமா ஏசி வருது" என்று கத்தினாள். குட்டியானை வண்டியில் மாலை போட்ட கிடா ஒரு பக்கம், மாலை போட்ட பெட்டி ஒரு பக்கம். கிடாதான் கொஞ்சம் நிதானமாக இருந்தது. அண்ணன் பட்டுச்சட்டையில், வண்டிக்கு முன்னால் நடந்து வந்த நடை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அந்த நடையைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பெட்டியை இறக்கிச் சபையில் வைத்து, எல்லாரும் போட்டோ எடுத்து முடித்தபோது மணி ஒன்பதேகால். அதன் பிறகுதான் மெக்கானிக்கின் கைக்குப் பெட்டி போனது. அவரும் இன்னொருவரும் புதுக்கோட்டையிலிருந்து வந்து, ஆறு மணியிலிருந்து சும்மா உட்கார்ந்து மூன்று டீ குடித்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்தவுடன் அவர் அளவு அட்டையை எடுத்தார். நான் புத்தகத்தை எடுத்தேன். சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். பந்திக்கு உப்பு எங்கே, வெற்றிலை எங்கே என்று வந்தவர்களையெல்லாம் கைகாட்டி அனுப்பினேன். "பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்க்காரி படிச்சுக்கிட்டு இருக்கா" என்று என் மாமியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

புத்தகத்தில் இருந்தது சுற்றி வளைக்காத சமாச்சாரம். பாரம் முழுவதும் காங்கிரீட் தளத்தில் நிற்கவேண்டும், பலகைக் கூரை எதையும் தாங்காது. கம்பிகளைத் தாங்குகிற நாலு போல்ட்டும் ஓட்டைக்குள் முழு ஆழத்துக்கு இறங்கவேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் மேலும் கீழும் நட்டு, வாஷர். மட்டம் பார்க்கவேண்டும். தாங்குமா என்று நிச்சயமில்லாத இடத்தில் மாட்டவே கூடாது. விழுந்தால் கீழே இருப்பவருக்கு உயிராபத்து. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு முக்கோணம் வரைந்திருந்தார்கள்.

ஹாலுக்குள் டிரில்லிங் சத்தம் காதைப் பிளந்தது. முதல் இரண்டு ஓட்டை சரசரவென்று போனது. மூன்றாவதில் சத்தம் மாறியது. கிரீச்சென்று ஒரு இரும்புச் சத்தம். மெக்கானிக் நிறுத்தினார், கொஞ்சம் சாய்த்துப் போட்டார், மறுபடி அதே சத்தம். நாலாவதிலும் அப்படியே. அண்ணன் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்ப்பா" என்றார். சுத்தியல் சத்தம் கேட்டது. கம்பிகள் தொங்கின. நான் உள்ளே போய், வெட்டிய சதுரத்துக்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். இரண்டு போல்ட் தளத்தோடு தளமாக உள்ளே போயிருந்தன. மற்ற இரண்டும் பாதி விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, இது ரெண்டும் ஏன் உள்ள போகல?"

"தளத்துக் கம்பி மாட்டுதுக்கா. அதுக்கு மேல ஓட்டை போகாது."

"அப்ப அதைத் தள்ளிப் போடணும்ல?"

"ஒண்ணத் தள்ளுனா நாலையும் தள்ளணும். கீழ வெட்டுன சதுரத்தையும் மாத்தி வெட்டணும். மதியம் ஆயிரும்க்கா." அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒண்ணும் ஆகாது. நாலுல ரெண்டு நல்லா எறங்கியிருக்கு. நான் எத்தனை எடத்துல மாட்டியிருக்கேன்."

நாலுக்கு இரண்டு நல்லா இறங்கினால் போதும் என்றால் எதற்கு நாலு கொடுக்கிறான்? மாத்திரைப் பட்டையில் பாதி நல்ல மாத்திரை, பாதி கெட்டது, சாப்பிடுங்கள் என்று நான் கொடுத்தால் விடுவார்களா? அதைத்தான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஹாலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அண்ணன் என்னை ஓரமாக அங்கிட்டு இழுத்துப் போனார்.

"என்னத்தா ஒனக்கு? சொந்தக்காரங்க எல்லாம் பாக்குறாங்க."

"போல்ட் பாதிதான் போயிருக்குண்ணே. புத்தகத்துல மாட்டக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"புத்தகத்துல ஆயிரம் போடுவான். பதினாறு வருஷம் அதுக்குக் கீழ நின்னவன் நான். ஒரு நாள் விழுந்திருக்கா?"

"அங்க ஒழுங்கா மாட்டியிருப்பாங்க. கொட்டடிச்சு முடியட்டும்னு காத்திருந்து மாட்டியிருக்க மாட்டாங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் மெக்கானிக்கும் கூட வந்தவரும், அண்ணனோடு வந்த நாலு பேரும் சேர்ந்து இயந்திரத்தைத் தூக்கி, கம்பிகளில் மாட்டி, நட்டை முடுக்கிவிட்டார்கள். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அது மேலே போய்விட்டது. வெள்ளை முகத்தையும் பொருத்தினார்கள். கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. பத்தரை தாண்டிப் பதினொன்றேகாலுக்கு அண்ணன் ரிமோட்டை அமுக்கினார். நாலு பக்கமும் குளிர்காற்று இறங்கியது. சித்திரை வெயிலில் வந்து புழுங்கிக்கொண்டிருந்த சனம் "ஆ"வென்று ஒரு பெருமூச்சு விட்டது. என் மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு நேராக அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார். மணையும் அதன் நேர் கீழேதான். போட்டோக்காரர் விளக்கை அங்கேதான் நிறுத்தியிருந்தார்.

வீட்டுக்காரரிடம் போனேன். "ரெண்டு மணி நேரந்தான. நாளைக்கு ஆள வச்சுப் பாத்துக்குவோம்" என்றார். "அந்த ரெண்டு மணி நேரந்தான் புள்ள அதுக்குக் கீழ இருக்கப் போறா" என்றேன். அவர் பந்திக்கு இலை போதுமா என்று பார்க்கப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றமில்லாத ஆளாகவே இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மறுபடி அண்ணனிடம் வந்தேன். அவர் மணையில் உட்காரத் தயாராக வேட்டியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து காற்று வருகிற இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மொட்டைத் தலைக்கு நேர் மேலே அந்த வெள்ளைச் சதுரம். எனக்குள் என்ன நடந்தது என்று விவரிக்கத் தெரியவில்லை. பயம்தான். பயத்தில்தான் எனக்குக் கோபம் வரும்.

"மணைய இங்க போட வேண்டாம்."

"என்னது?"

"வாசப் பந்தல்ல போடுவோம். இதுக்குக் கீழ என் புள்ள உக்கார மாட்டா. நீயும் உக்காராத."

அண்ணனை நான் அதற்கு முன்னால் 'நீ' என்று பேசியதே இல்லை.

"என் சீருக்குக் கீழ உக்கார மாட்டேங்கிறியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மணையைக் கையில் எடுத்துக்கொண்டேன், மகளை மறு கையில் தூக்கிக்கொண்டேன், பந்தலுக்குப் போய்விட்டேன். பிறகு ஒரு யோசனை வந்து திரும்ப உள்ளே வந்தேன். மணைதான் வெளியே போயிற்று, சனம் எல்லாம் குளிரில் அப்படியே இருந்தது. மாமியாரை எழுப்பி நகர்த்தினேன். சுவரோரம் சீர்த்தட்டு அடுக்கியிருந்த இரண்டு நீள மேசைகளைப் பிடித்து, ஆரஞ்சும் ஆப்பிளும் உருள உருள, இழுத்து வந்து ஏசிக்கு நேர் கீழே போட்டேன். இனி யாரும் அங்கே உட்கார முடியாது. விழுந்தால் பழத்தின் மேல் விழட்டும்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றார் மாமியார். அதை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

பந்தலில் அனல். மேலே போட்டிருந்த துணி சூட்டை அப்படியே கீழே இறக்கியது. அண்ணன் வந்து மணையில் உட்கார்ந்தார். தாய்மாமன் உட்காராமல் காது குத்த முடியாது. முகம் கல்லாக இருந்தது. பட்டுச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மகளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அலறினாள். ஆசாரி இரண்டு காதையும் முடித்தார். விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக, குளிரில் நின்றபடி பார்த்தார்கள். அட்சதை தூவியவுடன் அண்ணன் எழுந்தார். பிள்ளை கையில் பணத்தை வைத்தார், என்னைப் பார்க்கவில்லை. கை நனைக்காமல் போய்விட்டார். தான் கொண்டுவந்த கிடாக்கறியை அவர் தொடவில்லை. எங்கள் பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஒரு வாரம் என் போன் ஓயவில்லை. சித்தி, பெரியம்மா, அத்தை மகள், ஒவ்வொருவராக. "ஒங்க அண்ணன் எவ்வளவு ஆசையா கொண்டாந்தாரு." "சீரைத் தட்டிவிட்டுட்டியாமே." "வெயில்ல ஒக்கார வச்சியாம்ல." போல்ட் பாதிதான் இறங்கியிருந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "அது என்னமோ இருக்கட்டும்" என்பார்கள். அது என்னமோ இல்லை, அதுதான் விஷயம் என்று எப்படிப் புரியவைப்பது? மாட்டிய ஏசியை அன்றைக்குச் சாயங்காலமே சுவிட்சில் அணைத்துவிட்டேன். மேசைகளை எடுக்க விடவில்லை. வீடே ஹால் நடுவைச் சுற்றிக்கொண்டு நடந்தது. "சீரா வந்ததைப் போடாம வச்சு அழகு பாக்குறா" என்று மாமியார் டேபிள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "வாரேன்க்கா, நாளைக்குக் காலையில வாரேன்." நாளை வந்தது, அவர் வரவில்லை. கடைக்குப் போன் செய்தேன். மாட்டுகிறது வேற ஆள், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். விற்கிறவனுக்கு மாட்டுவது தெரியாது, மாட்டுகிறவனுக்கு நேரம் கிடையாது, கொடுத்தவர் பேசுவது கிடையாது. நான் மட்டும் தினமும் காலையில் எழுந்தவுடன் மேலே பார்த்தேன். ஆறாம் நாள் அந்த வெள்ளை முகத்தின் ஒரு மூலைக்கும் கூரைக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி தெரிந்தது. எட்டாம் நாள் என் சுண்டுவிரல் அளவு. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது.

மறுநாள் மதியம் வாசலில் பைக் சத்தம். அண்ணன். பின்னால் உட்கார்ந்திருந்தது அந்த மெக்கானிக். எங்கிருந்து எப்படிப் பிடித்துவந்தார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட வேலை செய்கிறவரும் இரும்புச் சாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"வாங்கண்ணே" என்றேன். தலையை ஆட்டினார்.

மேசைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, இயந்திரத்துக்கு அடியில் சாரத்தைக் கட்டி முட்டுக்கொடுத்தார்கள். முகத்தைக் கழற்றினார்கள். மெக்கானிக் ஏறப் போனபோது, "நான் பாக்குறேன், நீ நில்லு" என்று அண்ணனே ஏணியில் ஏறினார். தொங்கிய மூலையின் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கீழே நட்டைத் தளர்த்தச் சொன்னார். பிறகு கம்பியை லேசாக ஒரு இழு இழுத்தார். சொத்தைப் பல் போல, போல்ட் அவர் கையோடு வந்துவிட்டது. கூடவே ஒரு பிடி சிமெண்டுத் தூள் அவர் முகத்திலும் சட்டையிலும் கொட்டியது.

அவர் அப்படியே ஏணியில் நின்றார். கண்ணைத் துடைக்கவில்லை. கையைத் திறந்து அந்தப் போல்ட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கீழே இறங்கி, அதை மேசையில் வாடிப்போன வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அன்னைக்கு மொதல்ல மணை எங்க கெடந்துச்சு?" என்று கேட்டார்.

நான் சாரத்துக்கு அடியில் விரலைக் காட்டினேன். குனிந்து அந்தத் தரையைப் பார்த்தார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது.

"எறக்குங்கப்பா, முழுசா" என்றார் அவர்களிடம். என்னிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "அந்தப் புத்தகம் எங்க இருக்கு? எடுத்தா."

எடுத்துவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "வாசி" என்றார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். முக்கோணம் போட்ட வரி வந்தபோது, "அதை இன்னொரு தடவை" என்றார். அதைக் கேட்டுவிட்டாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தப்புத்தான் ஆத்தா என்று வேண்டாம், நீ சொன்னது சரி என்றுகூட வேண்டாம், ம் என்று ஒரு சத்தம் போதும். வரவில்லை. மெக்கானிக்கைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை அவசரம் இல்லை, கொட்டு இல்லை, நல்ல நேரமும் இல்லை. சன்னமான முனையால் முதலில் சின்ன ஓட்டை போட்டுத் தளத்துக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்தார்கள். நாலு இடத்தையும் ஒரு சாண் தள்ளிக் குறித்தார்கள். பலகைக் கூரையை மறுபடி வெட்டினார்கள். நாலு போல்ட்டும் முழுசாக உள்ளே இறங்கின. ஒவ்வொரு கம்பியிலும் கயிறு கட்டி மெக்கானிக்கே தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்தார். ரசமட்டம் வைத்து நாலு மூலையையும் சரிசெய்தார்கள். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

ஏசி இப்போது நன்றாக ஓடுகிறது. பழைய சதுரத்தின் ஓரத்தை அடைத்த ஒட்டு மட்டும் கூரை நிறத்தோடு சேரவில்லை. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். என் மாமியார், "அதெல்லாம் ஒரு கதை" என்பார். அந்தக் கதையில் நான்தான் இன்னும் கிறுக்கி.

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக் கூரை முழுக்க அதே மாதிரி ஏசி, வரிசையாக. பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா மகன், சுவர் ஏசி கொடுத்தவர், ஆரம்பித்தார். "தாய்மாமன் எல்லாம் சாக்கிரதையா இருங்கப்பா. கூடப்பொறந்தவனையே பட்டுச்சட்டையோட வெயில்ல காய வச்ச ஆளு இங்க உக்காந்திருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தப் போல்ட்டைத் தன் கையால் உருவிய மனிதர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லார் வாயும் அடைத்திருக்கும். சொல்லவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

அப்போது என் மகள் "மாமா" என்று ஓடிவந்து, கையை நீட்டிக்கொண்டு அவர் முழங்காலில் மோதி நின்றாள். அவர் சிரிப்பு நின்றது. தூக்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து, நேர் மேலே கூரையில் இருந்த ஏசியைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியை எடுத்து இரண்டு வரிசை தள்ளிப் போட்டு, மறுபடி ஒருமுறை மேலே பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.